தோற்றவர் எழுப்பிய கரவொலி

கிரிக்கெட் சிறந்ததா, கால்பந்து சிறந்ததா என்று நம் இளைஞர்கள் வாதிடக் கேட்டு முகஞ்சுளிப்போர் உளர். நான் சுளிப்பதில்லை. எதிரணி இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆயினும் எதிரணி வேறு, பகை வேறு.

1999 சனவரியில் பாகிஸ்தான் அணி வரக்கூடாதென்று டெல்லி ஆடுகளத்தைச் சிலர் தோண்டிச் சிதைத்தனர். அதே மாதம் 31ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டத்தின் இறுதிக் கட்டம். இலக்கு 271 ஓட்டங்கள். முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் குவித்த சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது தேவை பதினேழே. எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன; 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. திகைத்து நின்ற அரங்கம் பின்னர் எழுந்து கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் அரங்கை வலம்வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர்.

வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே தோற்ற சேரனின் மாண்பைப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். அங்கே புலவர் ஒருவர் செய்ததைச் சேப்பாக்கத்தில் பொதுமக்களே செய்தனர்.

வடலூர்த் தருமச்சாலையில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு, உண்ண வருவோரிடம் எப்பக்கத்தார் என்று கேட்பதில்லை. அவ்வூரினராகிய நாமும் இம்மன்றத்தில் பத்தாண்டுகளாக அணி பிரிந்து வாதிட்டுள்ளோம். மாற்றணியின் நற்சொல்லுக்கு எத்தனை முறை கைதட்டினோம்?