மணல் கொட்டியவர்கள்



வாசலிலேயே ஒருவர் மடக்கினார். "இலக்கிய மேடையில் சிர் தர்யா ஆறு எதற்கு ஐயா?" ஆறு இல்லாமல் எந்த ஊரில் ஐயா இலக்கியம் பிறந்தது?

தியான் ஷான் பனி உருகி நாரின் இறங்குகிறாள். கிர்கிஸ்தானின் இன்னொரு மலையிலிருந்து கரா தர்யா வருகிறாள். ஃபெர்கானா பள்ளத்தாக்கில், நமங்கான் பக்கம், இருவரும் சேர்ந்த பிறகுதான் அவள் பெயர் சிர் தர்யா. தாஷ்கண்ட் பக்கமிருந்து சிர்ச்சிக்கும் கசாக்ஸ்தானில் அரிஸும் வந்து கலக்கிறார்கள். நாலு நாடு, 2,200 கிலோமீட்டர்! அலெக்சாந்தர் வந்து நின்ற கரை அது. 1961-ல் ககாரின் விண்ணுக்குக் கிளம்பிய பைக்கானூரும் அவள் கரைதான்!

மேலே நாரினில் டோக்டோகுல் அணை. சோவியத் காலத்தில் கீழேயிருந்து நிலக்கரியும் எரிவாயுவும் மேலே போகும், கோடையில் தண்ணீர் கீழே வரும். 1991-ல் அந்த ஏற்பாடு உடைந்தது. மேலே இருப்பவன் குளிருக்கு மின்சாரம் எடுக்கப் பனிக்காலத்தில் திறக்கிறான். கீழே பருத்தி போட்டவன் கோடையில் வாய்க்காலைப் பார்த்து நிற்கிறான். ஏன் கை தட்டுகிறீர்கள்? நான் நாரினைத்தான் சொன்னேன்! நிருபர் தம்பி, நாரின் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

 

நான் சொல்ல வந்தது, சிர் தர்யா போய்ச் சேரும் ஆரல் ஏரியின் கரையில் துறைமுகமாக இருந்த ஆரல்ஸ்க் ஊர்க்காரனை. 1960 வரை ஆரல், உலகத்திலேயே நாலாவது பெரிய ஏரி. சிர் தர்யாவையும் அமு தர்யாவையும் பருத்திக்குத் திருப்பினார்கள். ஏரி வற்றியது, துறைமுகத்தை விட்டுத் தண்ணீர் கண்காணாத தூரம் போனது. மீன் டப்பா ஆலையை மூடக்கூடாதென்று பால்டிக் கடல் மீனை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஏரிக்கரை ஊருக்கு ரயிலில் மீன்! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

1987 வாக்கில் ஏரி இரண்டாகப் பிளந்தது. சிர் தர்யா கொண்டுவந்த கொஞ்ச நஞ்சமும் தெற்கே ஓடி வீணானது. 90-களில் உள்ளூர்க்காரர்களே மணலைக் கொட்டி அணை போட்டார்கள். நீர் ஏறியது. 1999-ல் புயல் வந்து அணையை அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் மறித்தால் ஏரி தேறும் என்பதை அந்த மணல் காட்டிவிட்டது. 2005-ல் உலக வங்கிப் பணத்தில் 13 கிலோமீட்டர் கொக்காரல் அணை எழுந்தது. பல வருடமாகும் என்று கணக்குப் போட்ட நீர்மட்டம் ஒரு வருடத்துக்குள் ஏறியது, மீனும் திரும்பி வந்தது. மாலை யாருக்கு? வங்கிக்கு, பொறியாளருக்கு. மணல் கொட்டியவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? விட மாட்டேன், எந்த மேடை ஏறினாலும் கேட்பேன்!

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும் உலகப்படம் பழசு. ஆரலை இன்னும் ஒரே முழு ஏரியாகக் காட்டினால் அதைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுங்கள். வடக்கே மிஞ்சிய அந்தச் சின்ன நீலத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.