முதியோரும் மாத்திரைகளும்



பராமரிப்பு இல்லத்தில் வாழும் நம் பெற்றோர் நாள்தோறும் எத்தனை மருந்துகள் உட்கொள்கின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஐந்தும் அதற்கு மேலும் உட்கொள்வதைப் பன்மருந்துப் பயன்பாடு என்பர். ஒவ்வொன்றும் தக்க காரணத்துடன் தரப்பட்டதாகவே இருக்கலாம்; தீங்கு அவை ஒன்றுகூடும் இடத்தில் பிறக்கின்றது.

இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் தரப்படுகிறது. அதனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அவ்வீக்கத்தைப் புதிய நோயெனக் கருதிச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சேர்க்கப்படுகிறது. இரவில் பன்முறை எழுந்து கழிவறைக்குச் செல்லும் மூதாட்டி இருட்டில் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. உறக்க மாத்திரையும் உட்கொண்டிருந்தால் சொல்லவும் வேண்டுமோ! முதுமையில் சிறுநீரகத்தின் ஆற்றல் குன்றுவதால், சில மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்கிவிடுகின்றன.

அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸும் உடன்பணியாளரும் 1991ஆம் ஆண்டிலேயே, பராமரிப்பு இல்லத்து முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளைப் பட்டியலிட்டனர். டயசிபாம் போன்ற மருந்துகள் அன்றே அதில் இடம்பெற்றன. அப்பட்டியல் 2023 உட்படப் பலமுறை திருத்தப்பட்டுள்ளது.

அடுத்த முறை பெற்றோரைக் காணச் செல்கையில், ஒவ்வொரு மாத்திரையும் எதற்கென்றும், இன்னும் தேவையா என்றும் தாதியரிடம் கேளுங்கள். மருத்துவரையோ மருந்தாளரையோ மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். நீங்களாக எதனையும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் லேகியத்தையும் மறைக்காமல் கூறுங்கள், அதுவும் மருந்தே.