காழ்ப்பு என்னுஞ் சொல்



பிள்ளையார்பாளையத்துத் தறிவீடொன்றில் இருவர் கூலி பற்றிச் சொல்லாடுகின்றனர் என்க. குரல் உயர்கின்றது, பொழுது சாயுமுன் தணிந்தும் விடுகின்றது. அது சினம். அடுத்த வீட்டுத் தறியில் மணப்புடவைகள் ஓயாது நெய்யப்படுவது கண்டு ஒருவன் உள்ளம் புழுங்குகின்றான். அது அழுக்காறு, பிறர் ஆக்கம் இல்லையேல் அதற்கு வாழ்வில்லை. இவ்விரண்டையும் இற்றைச் செய்தித்தாள்கள் 'காழ்ப்புணர்ச்சி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. காழ்ப்போ முற்றிலும் வேறு.

'காழ்' என்பது மரத்தின் உள்ளுறுதி. தச்சர் வயிரம் என்பர். புறத்தே காழுடையன புல், அகத்தே காழுடையன மரம் எனத் தொல்காப்பிய மரபியல் பகுத்துக் கூறும். பனையும் தெங்கும் மூங்கிலும் நம் முன்னோர்க்குப் புல்லாயினமை இதனாலேயே. (மரத்தையும் புல்லையும் உயரத்தால் அளவாத அறிவு எத்துணை நுண்ணியது!) காழ் ஒரு நாளில் ஏறுவதன்று. ஆண்டுக் கணக்கில் உள்ளிருந்தே இறுகுவது. அங்ஙனம் நெஞ்சில் இறுகிப்போன பகையே காழ்ப்பு.

திருவள்ளுவர் பகைத்திறந்தெரிதல் அதிகாரத்தில், 879ஆம் குறளில், முள்மரத்தை இளமையிலேயே களையச் சொல்கின்றார். முற்றவிட்டால் வெட்டுவார் கையையே அது வருத்தும். அம்முதிர்ச்சியைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'காழ்த்த' என்பது. மரத்திற்கும் பகைக்கும் ஒரே சொல் பொருந்தி நிற்பதைக் காண்க.

நெடுநாட் பகைக்குச் செற்றம், உள்ளடக்கிய சினத்திற்குக் கறுவு என்று வேறு சொற்களும் உள. இவையிருக்கத் துவேசமும் குரோதமும் எதற்கு?

ஆயினும், வடசொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லைத் தவறாக வழங்கினால் வந்த பயன் என்ன? கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளர் ஒருவர், "இச்சரிகையில் வெள்ளி எவ்வளவு?" என்று வினவுகின்றார் எனின், "காழ்ப்புணர்ச்சியால் கேட்கின்றார்" என்பது விடையாகுமா? சரிகையைச் சுரண்டி உள்ளே செந்நிறப் பட்டிழை உண்டா என்று பார்ப்பதன்றோ முதல் வேலை! ஆய்வுக்கூடம் வெள்ளியின் அளவையே கூறிவிடும். அவர் நெஞ்சில் பன்னாள் இறுகிய பகை உண்டென்று காட்டினாலன்றி அச்சொல் அவர்மேற் செல்லாது. காட்டினாலுங்கூடச் சரிகையின் வெள்ளி ஒரு குன்றிமணி கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.