கல்லறைத் தோட்டத்துப் பூ



நவம்பர் 2 நெருங்கி வருகிறது. இறந்த விசுவாசிகளை நினைவுகூரக் கல்லறைத் தோட்டங்களைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். புல்லையும் முள்ளையும் வெட்டும்போது, கல்லறைகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்து நிற்கும் சிறு செடியைப் பார்த்திருப்போம். ஐந்து இதழ். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆடு மாடு வாய் வைப்பதில்லை. சுடுகாட்டு மல்லி என்கிறோம். மல்லிகைக்கும் அதற்கும் உறவே இல்லை. கேரளத்தில் சவநாறி என்றும் சொல்கிறார்கள். இதுவாவது பரவாயில்லை என்று நினைக்க வைக்கிறது நம் பெயர்!

இதே செடிக்குத்தான் நித்தியகல்யாணி என்றும் பெயர். ஆண்டெல்லாம் பூப்பதால், என்றும் மணக்கோலத்தில் இருப்பவள். இரண்டும் வேறு வேறு செடி என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நித்தியகல்யாணி என்றால் முற்றத்தில் நடுவோம். சுடுகாட்டு மல்லி என்றால் பிடுங்கி எறிவோம்.

தாவரவியலார் இதற்கு வைத்த பெயர் கத்தராந்தஸ். கிரேக்கத்தில் அதற்குத் தூய மலர் என்று பொருள். மலைப்பொழிவில் ஆண்டவர் தூய்மையான உள்ளத்தோரைப் பேறுபெற்றோர் என்கிறாரே, அங்கே மத்தேயு எழுதிய சொல்லும் இதே தூய்மைதான்.

மடகாஸ்கர் தீவு இதன் பூர்வீகம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரு அறிஞர்கள் இதன் இலையை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியில் கிடைத்தது வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. இதே செடியிலிருந்து பிறகு வந்த வின்கிறிஸ்டின், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் தரப்படுகிறது. (இதைக் கேட்டுவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் போட வேண்டாம். நச்சுச் செடி அது. மருந்தை மருத்துவர் தரட்டும்.)

செடியை எங்கே பார்த்தோமோ, அந்த இடத்தையே அதற்குப் பெயராக்கிவிட்டோம். மனிதருக்கும் அப்படித்தானே செய்கிறோம்? காலனிக்காரர்கள். குடிகாரன் பெண்டாட்டி. ஓடிப்போனவள் வீடு. அன்பியக் கூட்டத்திலேயே இவை நம் வாயில் வருகின்றன. அந்த வீட்டிலிருந்து பீடத்துக்குப் பூ வந்தால், முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு.

திருமுழுக்குச் சடங்கில் குருக்கள் கேட்கும் முதல் கேள்வி, குழந்தைக்கு என்ன பெயர் என்பதுதான். அடக்கச் சடங்கிலும் அதே பெயரைச் சொல்லித்தான் செபிக்கிறோம். இடைப்பட்ட அறுபது, எழுபது ஆண்டுகள் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டோம்?

ஆண்டவரை அடக்கம் செய்த இடமும் ஒரு தோட்டம் என்கிறார் யோவான். உயிர்த்தவரைத் தோட்டக்காரர் என்றே மகதலா மரியா நினைத்தார். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் மரியா அவரை அறிந்துகொண்டார்.

இந்த வாரம் கல்லறைத் தோட்டத்தின் ஓரங்களையும் பார்ப்போம். சிலுவை இல்லாத மண்மேடு இருந்தால், அங்கே இருப்பது யார் என்று பெரியவர்களிடம் கேட்போம். பெயர் தெரிந்தால், நவம்பர் திருப்பலிகளுக்காக நம் வீட்டு இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுக்கும்போது அதையும் சேர்த்து எழுதுவோம். அங்கே பூத்திருக்கும் செடி அப்படியே இருக்கட்டும்.