'பாகிஸ்தானி': சொல்லும் அதன் ஈறும்



நாட்டுப் பெயர்கள் பலவற்றுக்குப் பிறந்த நாள் தெரியாது. பாகிஸ்தான் என்னும் பெயருக்குத் தெரியும். கேம்பிரிட்ஜில் பயின்ற சௌத்ரி ரஹ்மத் அலி, 1933 ஜனவரி 28 நாளிட்ட துண்டறிக்கையில் அதனை அச்சேற்றினார். பஞ்சாப், ஆப்கானியா என அவர் அழைத்த வடமேற்கு எல்லை மாகாணம், காஷ்மீர், சிந்து ஆகியவற்றின் முதலெழுத்துகளோடு பலூசிஸ்தானின் ஈறு சேர்ந்தது. அன்று 'பாக்ஸ்தான்' என்றே எழுதினார். இடையிகரம் பின்னர் வந்தது. பாரசீகத்தில் 'பாக்' என்றால் தூய்மையானது, 'ஸ்தான்' இடம். வடமொழி 'ஸ்தானம்' அதன் உடன்பிறப்பு. அதனையே நாம் 'தானம்' என ஏற்றோம்.

'பாகிஸ்தானி'யின் ஈற்று இகரமோ வேறு. அது பாரசீக உறவு விகுதி. பஞ்சாபி, சிந்தி என்பனபோல் இடப்பெயரை மக்கட்பெயராக்குவது. அவ்விகுதி யாரையெல்லாம் தழுவியது என்பதே நாம் கருத வேண்டியது. மேற்சொன்ன எழுத்துகளுள் வங்காளத்திற்கு இடமில்லை. ஆயினும் 1947இல் கிழக்கு வங்காளத்தாரும் பாகிஸ்தானியராயினர். தொகையில் அவர்களே மிகுதி. 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் தாய்மொழிக்காக உயிர்நீத்தோரும் அப்பெயருக்குரியோரே. 1971இல் அப்பெயர் அவர்களை விட்டு நீங்கியது. பிறந்த மண் மாறவில்லை, பெயர் மாறியது.

பிரிட்டனிலோ குடியேறியோர்மீது இச்சொல்லின் முற்பகுதி மட்டும் வெட்டி வீசப்பட்டது. 'பாக்கி' என்னும் அக்குறுக்கம், இந்தியரையும் வங்காளதேசத்தவரையும் பிரித்தறியாமல் பாய்ந்த வசை. (நிலுவையைக் குறிக்கும் நம் 'பாக்கி' அரபுவழி வந்த வேறு சொல்.) 'தூய' என்னும் வேர்ப்பொருள் அவ்வசைக்குத் தடையாகவில்லை. சொற்பிறப்பைக் கற்பிக்கும் எம்போன்றோர்க்கு இது சற்றே சங்கடம்தான்.

நம் நாளிதழ்கள் இடம் கருதிப் 'பாக்.' எனப் புள்ளியிடுகின்றன. நாட்டுப் பெயரை அவ்வாறு குறுக்கலாம். ஆளைக் குறிக்கையில் குறுக்குவது நமக்கு உடன்பாடன்று. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாகிஸ்தானிய வழியினர் 'இந்தியர்' என்னும் இனப்பிரிவுள் அடங்குவர். குடியுரிமையால் அவர்களுட் பலர் சிங்கப்பூரர். ஆகவே 'பாகிஸ்தானி' என எழுதுமுன், நாட்டுரிமையைச் சொல்கிறோமா, மரபுவழியைச் சொல்கிறோமா எனத் தெளிதல் வேண்டும். முன்னதற்குப் 'பாகிஸ்தானியர்' எனவும், பின்னதற்குப் 'பாகிஸ்தானிய வழியினர்' எனவும் எழுதலாம். இரண்டிலும் அயல்விகுதியின்மேல் யகர உடம்படுமெய் இயல்பாகவே வந்து அமர்கிறது.