சங்கத்து வாட்ஸ்அப் குழு

குடியிருப்போர் சங்கம் என்றால் வாட்ஸ்அப் குழு இல்லாமலா? தண்ணீர் வரவில்லை என்று தொடங்கும் பேச்சு, 'செயலாளர் சந்தாப் பணத்தைச் சுருட்டிவிட்டார்' என்பதில் போய் நிற்கும். கையில் ஆதாரம் இல்லையென்றால் அது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

வாட்ஸ்அப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது நம் கள்ளக்குறிச்சிக்குத் தெரியாததல்ல. 2022 ஜூலை 17-ல் கனியாமூரில் நடந்த கலவரத்தில் பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. வாட்ஸ்அப் வழியே கூட்டம் திரட்டியதாகக் குழு அட்மின்களும் கைதானார்கள்.

அப்படியென்றால், அட்மின் ஆனாலே ஆபத்தா? அப்படியில்லை. ஒருவர் வெறும் அட்மின் மட்டுமே என்றால், பிறர் பதிவுக்காக அவரை வழக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது.

ஆனால் பகிர்கிறவர் கதை வேறு. நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் யாரோ எழுதிய இழிவான பதிவை முகநூலில் பகிர்ந்தார். பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். இருந்தும் 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

ஆகவே, சந்தா பாக்கிப் பட்டியலைக் குழுவில் போடும் பொருளாளர்களே, பாக்கிக்காரர் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறார்? ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுத்துவிடுங்களேன்.