அடைவிலிருந்து மீண்டவர்கள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் விடுதித் தோழியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நூறு ஆண்டுகள் இந்தச் சங்கத்தை வழிநடத்திய கடவுளுக்கு நன்றி சொல்லக் கூடியிருக்கிறோம். "நமது சபை வாழ்வில் கிருபையும் மீட்பும்" என்ற பொருளில் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். நாங்கள் இறையியல் கற்றவர்கள் அல்லர். ஒரே விடுதியில் ஒரே மணியோசைக்கு எழும்பி, ஒரே கிணற்றடியில் குளித்த ஒன்பது பேர். இன்று எழுபதைத் தாண்டிவிட்டோம். எங்களுக்குத் தெரிந்த வழியிலேயே பேசுகிறோம்.

கிருபை என்பது நாம் உழைத்துச் சம்பாதிக்காததைக் கடவுள் தாமாகத் தருவது. ஓய்வுநாட் பாடசாலையில் இதை மனனம் செய்து ஒப்புவித்தோம். நன்றாக ஒப்புவித்ததற்குப் பரிசும் வாங்கினோம்! சம்பாதிக்க முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்லிப் பரிசு சம்பாதித்த வேடிக்கை அந்த வயதில் எங்களுக்கு விளங்கவில்லை.

இந்த மண்டபத்தில் சைவத் தோழியரும் பலர் இருக்கிறீர்கள். அருள் என்று நீங்கள் சொல்லும்போது இந்தப் பேச்சு உங்களுக்கும் அந்நியமானதல்ல. வைணவ ஆசாரியர்களும் இதைப் பற்றி வாதாடினார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டி ஒன்றும் செய்யாது. தாயே அதைக் கவ்விக்கொண்டு போகும். கடவுள் நம்மைக் காப்பது இவற்றில் எதைப் போன்றது என்பதே அவர்களுடைய கேள்வி. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன் அவர்கள், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபை பற்றிய போதனையை ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1964இல் வெளியானது. இப்படிப்பட்ட ஆராய்ச்சி நம் மண்ணிலிருந்து எழுந்தது நமக்குப் பெருமை.

மீட்பு என்ற சொல்லை விளக்க நமக்குப் புத்தகம் வேண்டியதில்லை. அடைவு வைத்த நகையை மீட்காத வீடு யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? அக்காவின் கலியாணத்துக்கும் தம்பியின் படிப்புக்கும் அம்மாவின் தாலிக்கொடி போய்வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அடைவில் கிடக்கும் நகை தன்னைத்தானே மீட்டுக்கொள்ளாது. அதை வேண்டுமென்று நினைக்கும் ஒருவர் காசோடு போக வேண்டும். பழைய ஏற்பாட்டிலும் இதே வழக்கத்தைக் காண்கிறோம். வறுமையால் ஒருவன் விற்ற காணியை அவனுடைய நெருங்கிய உறவினன் மீட்க வேண்டும் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்லுகிறது. போவாஸ் அந்த உறவினனாக நின்றே நகோமியின் நிலத்தை மீட்டு, ரூத்தையும் மனைவியாக ஏற்றுக்கொண்டான். மீட்பவன் அந்நியன் அல்லன், உறவினன். மீட்பில் விலையும் உண்டு.

இனி, நாங்கள் உண்மையாகச் சொல்ல வந்ததைச் சொல்லுகிறோம்.

1969ஆம் ஆண்டு. விடுதிச் சமையலில் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, மாத முடிவில் விற்று, அந்தக் காசைச் சபை ஊழியத்துக்குக் கொடுப்போம். ஒரு மாதம் பிஸ்கற் ரின்னில் வைத்திருந்த பதினேழு ரூபா காணாமற் போனது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் மிகவும் கஷ்டம். யாரும் அவளைக் கள்ளி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எங்கள் கோப்பைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பக்கம் தள்ளிக்கொண்டோம். இரவுச் செபத்தில் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட ஒருவரும் போகவில்லை. தவணை முடிந்து வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அடுத்த தவணையில் அந்தக் காசு எங்களில் ஒருத்தியின் தையற் பைக்குள் கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவள், காய்ச்சலில் படுத்து எழும்பியபோது அதை மறந்துபோனாள். காசை ரின்னில் போட்டோம். "கிடைச்சிட்டுது" என்று மட்டும் சொன்னோம். அவளுக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. வெட்கம் ஒரு காரணம். எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற பயம் மற்றக் காரணம்.

இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த இரவை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களில் நால்வர் பிள்ளைகளோடு தென்மராட்சியில் ஒரு தேவாலயத்தில் ஒதுங்கினோம். மூன்றாம் நாள் ஒரு பெண் வாசலில் வந்து, "எங்கட கொலிஜ் பிள்ளையள் ஆராவது இருக்கினமோ?" என்று கேட்டா. கையில் வாழையிலையால் மூடிய கடகம். அதில் சுடச்சுடப் புட்டு. அவவேதான். அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்து இருந்தா. இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய ஒவ்வோர் இடமாக எங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறா.

எங்களுக்குப் புட்டு இறங்கவில்லை. ஒருத்தி அழுதுகொண்டே, "நீர் அந்தக் காசை எடுக்கேல்லை எண்டு எங்களுக்கு அப்பவே தெரியும். சொல்லாமல் விட்டிட்டம்" என்றாள்.

"அது எனக்கும் தெரியும். அடுத்த வருஷமே ஆரோ சொல்லிப்போட்டினம். கன காலம் கோவமாத்தான் இருந்தனான். பிறகு சுமக்க ஏலாமல் இறக்கி வைச்சிட்டன். முதல் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

தோழியரே, அன்றைக்குத்தான் நாங்கள் மனனம் செய்த பாடம் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் வாய் திறக்குமுன்பே கடகம் வந்துவிட்டது. அவவுடைய பெயர்தான் அடைவில் கிடக்கிறது என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தோம். அடைவில் கிடந்தவர்கள் நாங்கள். ஒன்றுகூடல்களில் அவவின் பெயர் வந்தால் பேச்சை மாற்றியவர்கள் நாங்கள். எங்களை மீட்டதற்கான விலையைக் கொடுத்தவ, நாங்கள் அநியாயம் செய்த அவவே. சிலுவையைப் பற்றி எத்தனையோ பெரிய வெள்ளிப் பிரசங்கங்கள் கேட்டோம். அந்தக் கடகத்தைக் கண்ட பிறகே அவை எங்கள் நெஞ்சில் இறங்கின.

ஆனால் கிருபை உண்மையை மூடி மறைப்பதல்ல. இயேசு சகேயுவின் வீட்டுக்கு முதலில் போனார். அதன் பின்பே அவன் அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றான். கிருபையைப் பெற்றவன் கணக்கை நேராக்க வெட்கப்படுவதில்லை. ஆகவே, அவவின் சம்மதத்தோடு, இந்த நூற்றாண்டு மேடையில் நாங்கள் அறிக்கையிடுகிறோம்: அந்தப் பிள்ளை காசை எடுக்கவில்லை. எங்கள் மௌனமே அவளைப் படிப்பிலிருந்து வெளியேற்றியது. "சொல்லுங்கோ, ஆனால் என்ர பெயர் வேண்டாம்" என்று அவ கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்தோம்.

நமது சபைகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். வெளியே வந்து செருப்பைக் கொளுவும்போதே பழைய கணக்குகளையும் கொளுவிக்கொள்கிறோம். யார் எந்தப் பகுதி ஆட்கள், யாருடைய மகள் யாரை முடித்தாள், மாதர் சங்கத்தில் பத்து வருடத்துக்கு முன் யார் யாரை என்ன சொன்னா என்ற எல்லாம் நமக்கு நினைவிருக்கிறது. ஓடிப்போன ஒநேசிமுவைப் பிலேமோனிடம் திருப்பி அனுப்பிய பவுல், அவன் பட்ட கடனைத் தன் கணக்கில் வைக்கும்படி எழுதினார். நமது சபைகளில் அப்படிச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்?

எங்கள் ஒன்பது பேரின் நூற்றாண்டுக் காணிக்கையை, கஷ்டப்பட்ட ஒரு பிள்ளையின் விடுதிச் செலவுக்கென்று அதிபர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். அது கடனை அடைத்ததாகாது. அதை அடைக்க எங்களால் முடியாது.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ இந்த மலரை வாசிக்கப்போகும் தோழியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் காணாமற் போன ஒரு முகம் இருக்கும். அவ எங்கே என்று விசாரியுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் சொல்லுங்கள். எங்களைப் போல இருபத்தாறு வருடம் காத்திருக்க வேண்டாம்.

கர்த்தர் நம்மெல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.